வினைச்சொல் வரும் வரைக்கும்

என் மனைவியிடம் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்த ஆள் இந்த ஊரிலேயே கிடையாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து முயற்சி செய்துகொண்டிருப்பவன் என்ற முறையில் இதை அடித்துச் சொல்கிறேன். "கடையில இன்னிக்கு..." என்று ஆரம்பிப்பேன். "தக்காளி இல்லையா? சரி, விடுங்க" என்பாள். "உன் தம்பி போன் பண்ணி..." என்பேன். "எவ்வளவு கேட்டான்?" என்பாள். பெரும்பாலும் அவள் நினைத்ததுதான் சரியாக இருக்கும். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அவள்மேல் முழுப் பழியையும் போட முடியாது. அவள் வேலை அப்படி. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் அவள். போனில் அழைப்பவர்கள் எல்லாரும் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் பேசுவார்கள். "எங்கப்பா காலையிலேருந்து நல்லாத்தாங்க இருந்தாரு, டீ கூட குடிச்சாரு, அப்புறம்..." என்று கதை ஆரம்பித்தால், அந்தக் கதை முடிவதற்குள் அப்பாவின் கதை முடிந்துவிடும். அதனால் குறுக்கே வெட்டி, "அட்ரஸ் சொல்லுங்க. மூச்சு விடறாரா?" என்று கேட்பதுதான் அங்கே திறமை. அந்தத் திறமையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பாதி வார்த்தையில் நெஞ்சுவலியா, வாயுவா என்று கண்டுபிடித்துவிடுவாள்.

நான் அதே இடத்தில் ஆறாம் வண்டி டிரைவர். அவள் மாடியில், நான் கீழே வண்டிகள் நிற்கும் கொட்டகையில். வேலை நேரத்தில் எங்களுக்கு நடுவே இருப்பது ஒரு வயர்லெஸ் மட்டும்தான்.

படிப்பால் அவள் நர்ஸ். வார்டில்தான் வேலைக்குச் சேர்ந்தாள். குரல் தெளிவாக இருக்கிறது, பதறாமல் பேசுகிறாள் என்று கட்டுப்பாட்டு அறைக்குக் கொஞ்ச நாளைக்கு வரச் சொன்னார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. திரும்ப வார்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கும்போதெல்லாம் எங்கள் சூப்பர்வைசர், "உன் இடத்துல யாரைம்மா உக்கார வைக்கிறது?" என்று பாராட்டுவது மாதிரியே மறுத்துவிடுவார்.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டாள்: "நேத்து அந்தத் தையல்கார அம்மா, மூச்சுத் திணறல்னு போனீங்களே, என்ன ஆனாங்க?"

"ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கிவிட்டேன். அதுக்கு மேல எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு ஒண்ணுக்குமே முடிவு தெரியாதுங்க. எல்லாத்துக்கும் ஆரம்பம் மட்டும்தான் என் காதுல விழுது. அடுத்த லைன் வந்துடுது. ஒரு ஆளையாவது குணமாகி வீட்டுக்குப் போறதைப் பார்க்கணும் எனக்கு."

அப்போதுதான் ஜெர்மன் பேசும் ஒரு நகரத்து மருத்துவமனையிலிருந்து அந்த வாய்ப்பு வந்தது. வார்டு வேலை. குடும்பத்தோடு வரலாம். ஒரே நிபந்தனை, அவர்கள் சொல்லும் ஜெர்மன் தேர்வில் தேற வேண்டும். மூன்று முறை எழுதலாம். மூன்றாவதிலும் போனால் அந்த இடம் வேறு ஆளுக்கு. இதை என்னிடம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்தேன். கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருந்தவள், முதல் தடவையாகத் தானே கிளம்பத் தயாராகிவிட்டிருந்தாள்.

மாலை வகுப்பில் சேர்ந்தாள். சொல்லிக்கொடுத்த அம்மாவை மாணவர்கள் 'வெர்ப் மேடம்' என்று கூப்பிடுவார்கள். நல்ல மனுஷி. ஆனால் வினைச்சொல் இடம் மாறி உட்கார்ந்தால் பொறுக்க மாட்டார். ஆரம்பத்தில் எல்லாம் சுமுகமாகத்தான் போனது. சார்பு வாக்கியம் என்ற ஒன்று வந்ததும் வகுப்பில் பாதிப் பேர் பேய் முழி முழிக்க ஆரம்பித்தார்களாம்.

"அது என்ன சார்பு வாக்கியம்?" என்று கேட்டேன்.

"தனியா நின்னா அர்த்தம் முழுசா வராது. இன்னொரு வாக்கியத்தைச் சார்ந்துதான் நிக்கும்."

"நம்ம வீட்டுல அது நான்தானே?"

அவள் சிரிக்கவில்லை. தேர்வு பயம்.

வெர்ப் மேடம் ஆங்கிலம் வழியாகத்தான் சொல்லிக்கொடுத்தார். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுது. அதில் 'பிகாஸ்' வரட்டும். அந்த இடத்தில் ஜெர்மன் 'வைல்' போடு. பிறகு வினைச்சொல்லைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் கடைசியில் நடு. எழுதும்போது இது சரியாக வந்தது. பேசும்போது வரவில்லை. முதல் தேர்வில் அவள் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனசுக்குள் ஆங்கிலத்தில் கட்டி, பிடுங்கி, நட்டு முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிட்டது. பாதி இடத்தில் பிடுங்கியதை நட மறந்தும் போனாள். தேறவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டு மேஜையில்தான் அந்த விஷயம் நடந்தது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் புலியான எங்கள் மகள் கரண்டியையும் தம்ளர்களையும் வரிசையாக வைத்து அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரும்மா. இது பிகாஸ். இது ஹி. இந்தக் கரண்டிதான் ஃபெல். அப்புறம் இன் தி பாத்ரூம். ஜெர்மன்ல இந்தக் கரண்டி மட்டும் கடைசிக்குப் போகும். அவ்வளவுதான்."

கரண்டி மேஜை ஓரத்துக்கு நகர்ந்தது. மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதையே நம்ம பாஷையில சொல்லு" என்றாள்.

"அவரு பாத்ரூம்ல விழுந்ததால."

"கரண்டி எங்க இருக்கு?"

மகள் விரலை வைத்துப் பார்த்தாள். கரண்டி ஏற்கெனவே மேஜை ஓரத்தில்தான் இருந்தது. அதை நகர்த்தவே தேவையில்லை.

"அடச் சே!" என்று மனைவி மேஜையைத் தட்டினாள். தம்ளர் உருண்டது. "பொறந்ததிலேருந்து நான் வினையைக் கடைசியிலதானே வச்சுப் பேசறேன்! எதுக்கு இங்கிலீஷுக்குப் போயிட்டு மறுபடி திரும்பி வரணும்? இன்னும் கேளுங்க. நம்ம பாஷையில கடைசி எழுத்து வரைக்கும் விழுந்ததாலயா, விழுந்தாலுமான்னே தெரியாது. அவங்க பாவம், 'வைல்'னு முன்னாடியே மணி அடிச்சுச் சொல்லிடறாங்க!"

அன்றிலிருந்து அவள் ஜெர்மன் பேச்சு தடையில்லாமல் ஓடியது. இரண்டு சார்பு வாக்கியங்களை ஒன்றுக்குள் ஒன்று வைத்து, கடைசியில் வினைகள் வரிசையாக வந்து விழும்படி பேசிக் காட்டுவாள். வெர்ப் மேடம் வகுப்பில் கைதட்டினாராம். இரண்டாவது தேர்வுக்கு மூக்கு முட்ட நம்பிக்கையோடு போனோம்.

அங்கே நடந்ததை அவளே பிறகு சொன்னாள். தேர்வாளர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர், அந்த மருத்துவமனையிலிருந்தே வந்திருந்த வயதான அம்மா. பக்கத்து வீட்டுக்காரியாக நடித்து அவளிடம் பேச ஆரம்பித்தார். "நான் உங்களிடம் வந்தது ஏனென்றால், என் அம்மா நேற்று மாடிப்படியில் தனியாக..." என்கிற மாதிரி ஒரு வாக்கியம். வினைச்சொல் இன்னும் வரவில்லை. அதற்குள் இவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, நல்ல ஜெர்மனில், "விலாசம் சொல்லுங்கள்! மூச்சு விடுகிறார்களா?" என்று கேட்டுவிட்டாள்.

உண்மையில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரியின் அம்மா விழவே இல்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல் தடவையாகத் தனியாக மாடி ஏறிவிட்டார்களாம். அந்தச் சந்தோஷத்தில் இவளைத் தேநீருக்கு அழைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இவள் ஆம்புலன்ஸ் அனுப்பிவிட்டாள். தேர்வாளர்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவளைத் தேற விடவில்லை.

சொல்லும்போது அவளும் சிரித்தாள். பிறகு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவுக்கு வெளியே நின்றேன். எனக்கு அந்தத் தேர்வாளர்கள்மேல் கோபம், சூப்பர்வைசர்மேல் கோபம், கடைசியில் ஜெர்மன் மொழியைக் கண்டுபிடித்தவர்கள்மேலும் கோபம்.

இன்னும் ஒரே வாய்ப்பு. ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். யாராவது பேசினால் நாக்கைக் கடித்துக்கொள் என்றார் வெர்ப் மேடம். கடித்துக்கொண்டாள், நாக்கு புண்ணானதுதான் மிச்சம். மகள் அவள் வாயில் பிளாஸ்திரி ஒட்டிப் பார்த்தாள். நான் நீள நீளமாகப் பேசுகிறேன், குறுக்கே பேசாமல் கேள் என்று உட்கார வைத்தேன். அதில்தான் என் மானம் போனது. "இன்னிக்குக் காலையில நான் வண்டியைக் கழுவிட்டு இருந்தப்ப, மூணாம் வண்டி டிரைவர், பிரேக்னு கூப்பிடுவோமே, அவன் அந்தப் பக்கமா வந்து..." என்று ஆரம்பித்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். எனக்கு மேலே ஓடவில்லை. எப்போதும் அவளே முடித்துவிடுவதால் என் வாக்கியங்களுக்கு முடிவு வைக்கும் பழக்கமே எனக்கு விட்டுப்போயிருக்கிறது. "வந்து...?" என்றாள். "வந்தான், அவ்வளவுதான்" என்றேன். மகள் தரையில் உருண்டு சிரித்தாள்.

சிரிப்பு ஒரு பக்கம். அவள் உள்ளுக்குள் உடைந்துகொண்டிருந்தாள். "இந்த வேலையே என்னைக் கெடுத்துடுச்சுங்க" என்றாள். "நாற்காலியில உக்காந்து உக்காந்து எனக்குக் காத்திருக்கத் தெரியாமப் போச்சு." எனக்கும் அப்படித்தான் பட்டது.

தேர்வுக்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு மத்தியானம். அவள் வேலை முடிந்து கீழே இறங்கி வந்தாள். மாடியில் அவள் இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்துவிட்டிருந்தாள். எனக்கு இன்னும் வேலை நேரம். வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தேன். வீட்டுச் சாவியைக் கேட்க ஜன்னல் பக்கம் வந்து நின்றாள்.

அதே நேரத்தில் வயர்லெஸ் கரகரத்தது. "ஆறாம் வண்டி, ரெடி."

எங்களிடம் ஒரு முறை உண்டு. மேலே போன் வந்து, ஏதோ அவசரம் என்று தெரிந்தவுடனே, இடம் தெரிவதற்கு முன்பே 'ரெடி' சொல்லிவிடுவார்கள். நான் என்ஜினைப் போடுவேன். வாசல்காரர் கேட்டைத் திறப்பார். ஆனால் 'போங்க' என்ற வார்த்தை வரும் வரைக்கும் சக்கரம் ஒரு சுற்றுக்கூடச் சுற்றக் கூடாது. முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு கிளம்பிய வண்டிகள் எதிர்த் திசையில் போய் மாட்டிக்கொண்ட கதைகள் இங்கே நிறைய.

"சாவி எங்கங்க?" என்றாள் மனைவி.

நான் பதில் சொல்லவில்லை. ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

விரலை இறக்கவில்லை. என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. கை கியரில். கண் கேட்டில். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடியே நின்றாள். கொஞ்சம் பொறுத்து வயர்லெஸ்ஸில், "ஆறாம் வண்டி, தேவையில்லை. வேற வண்டி பக்கத்துல இருக்கு" என்று வந்தது. என்ஜினை அணைத்தேன்.

"இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டாள்.

"காத்திட்டிருந்தேன்."

"சும்மாவா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சும்மாவா? ஆக்சிஜன் எவ்வளவு இருக்குன்னு பார்த்தாச்சு. வடக்க போகச் சொன்னா எந்தச் சந்து, தெக்க போகச் சொன்னா எந்தச் சந்துன்னு ரெண்டையும் மனசுல பிடிச்சு வச்சாச்சு. இந்த நேரத்துல எந்த சிக்னல்ல நெரிசல்னு யோசிச்சாச்சு. சக்கரம்தான் சுத்தல, மத்த வேலை எல்லாம் நடந்துட்டுதான் இருந்துச்சு. தினமும் நீ 'ரெடி' சொல்ற ஒவ்வொரு தடவையும் நான் இப்படித்தான் உக்காந்திருக்கேன். நீ மேல உக்காந்திருக்க, உனக்கு எங்க தெரியப் போகுது?"

நான் இவ்வளவு பேசியும் குறுக்கே ஒரு வார்த்தை வரவில்லை என்பது எனக்கே அப்புறம்தான் உறைத்தது.

"நான் சொல்றதை மட்டும்தான் இவ்வளவு வருஷமா பார்த்திருக்கேன்" என்றாள் மெல்ல. "சொன்ன பிறகு இந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு பார்த்ததே இல்ல." பிறகு சாவியைக்கூட வாங்காமல் வேகமாக நடந்து போய்விட்டாள். வீட்டுக்குப் போனவள் பூட்டிய கதவுக்கு முன்னால் படியில் உட்கார்ந்து, நான் வரும் வரைக்கும் படித்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் பயிற்சியே மாறிப்போனது. நாக்கைக் கடிப்பதை விட்டுவிட்டாள். ஜெர்மன் வானொலியைப் போடுவாள். 'வைல்' வந்தவுடன் வாய்க்குள், "ரெடி" என்பாள். என்ஜின் ஓடும். யார், எங்கே, எப்போது என்று ஒவ்வொன்றாக வர வர மனசில் பிடித்துவைத்துக்கொள்வாள். வினைச்சொல் வந்து விழும். "போங்க" என்பாள். நடுவில் இன்னொரு சார்பு வாக்கியம் முளைத்தால் இன்னொரு வண்டிக்கும் 'ரெடி' சொல்லிவிடுவாள். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வண்டிகளை நிறுத்திவைத்து, ஒவ்வொன்றாக அனுப்புவது அவளுக்கு அன்றாட வேலைதானே. வாயை மூடிக்கொண்டு இருக்கும்போது அவள் முகத்தில் ஒரு வேலை நடப்பதை என்னால் பார்க்க முடிந்தது. கெடுத்துவிட்டதாக அவள் திட்டிய அதே வேலைதான் இப்போது அவளுக்குக் கைகொடுத்தது.

மூன்றாவது தேர்வு. நான் விடுப்பு போட்டுவிட்டுக் கூடவே போனேன். தேர்வு அறையின் கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. நடைபாதையில் நின்று எட்டிப் பார்த்தால் உள்ளே நடப்பது தெரியும். ஒன்றும் கேட்காது. அதே வயதான தேர்வாளர்தான்.

அந்த அம்மா பேச ஆரம்பித்தார். பேசிக்கொண்டே போனார். என் மனைவி கைகளை மேஜைமேல் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று அந்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டுத் தண்ணீர் தம்ளரை எடுத்தார். நிதானமாக ஒரு வாய் குடித்தார். காகிதத்தைப் புரட்டினார். பிறகு இவளைப் பார்த்தார்.

இவள் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு உயிரே போய்விட்டது. பக்கத்தில் இருந்த தேர்வாளர் பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். இவள் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள். போச்சு, எல்லாம் மறந்துபோச்சு, படித்ததெல்லாம் பாழ் என்று நினைத்தேன். 'பேசேன்டி, ஏதாவது பேசேன்' என்று கண்ணாடியில் மூக்கு நசுங்க வேண்டிக்கொண்டேன். எப்போது பேசக் கூடாதோ அப்போதெல்லாம் பேசினவள், பேச வேண்டிய நேரத்தில் இப்படி உட்கார்ந்திருக்கிறாளே என்று அழுகையே வந்துவிட்டது. நாங்கள்தான் அவள் வாயைக் கட்டிக் கட்டிக் கெடுத்துவிட்டோம் என்று தோன்றியது.

அந்த அம்மா தம்ளரைக் கீழே வைத்தார். அவர் உதடுகள் இன்னும் ஒரு தடவை அசைந்தன. சின்ன அசைவு. ஒன்றிரண்டு வார்த்தைதான் இருக்கும்.

அந்தக் கணமே என் மனைவி பேசினாள். தடங்கல் இல்லை, தேடல் இல்லை. கையை ஆட்டிப் பேசினாள், ஏதோ கேட்டாள், பதிலுக்குக் காத்திருந்தாள், மறுபடி பேசினாள். வயதான அம்மா முன்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். குறித்துக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்.

வெளியே வந்தவளைப் பிடித்து, "ஏன் அப்படி வாயை மூடிட்டு உக்காந்திருந்த? நான் செத்தே போயிட்டேன்" என்றேன்.

"வார்டுல ஒரு நோயாளியைப் பத்திச் சொன்னாங்க. 'பொண்டாட்டி பார்க்க வந்ததால, டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை அவர் அன்னிக்கு ராத்திரி...'ன்னு பாதியில நிறுத்திட்டு, தண்ணி குடிச்சாங்க."

"சரி, கேள்வி முடிஞ்சுதுன்னு பேச வேண்டியதுதானே?"

"எப்படிங்க முடியும்? வினைச்சொல்லே வரலியே! சாப்பிட்டாரா, தூக்கிப் போட்டாரா, ஒளிச்சு வச்சாரா? மூணுக்கும் வண்டி ரெடியா நின்னுட்டிருந்துச்சு." அவள் கண் மின்னியது. "எனக்கு முன்னாடி போனவங்க எல்லாரும் அவங்க தண்ணி குடிக்கறப்பவே மருந்து சாப்பிடலைன்னு முடிவு பண்ணி அறிவுரை சொல்ல ஆரம்பிச்சுட்டாங்களாம். அந்த அம்மாவே சிரிச்சுக்கிட்டு சொன்னாங்க."

"கடைசியில என்ன பண்ணினாராம்?"

"ரெண்டு தடவை சாப்பிட்டுட்டாராம்!"

முடிவு அடுத்த வாரம் ஒரு காலை, வேலை நேரத்தில் வந்தது. போன் மணி அடிக்காமல் இருந்த ஒரு சின்ன இடைவெளியில் அவள் பார்த்திருக்கிறாள். நாங்கள் கொட்டகையில் வண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தோம். எல்லா வண்டிகளிலும் ஒரே நேரத்தில் வயர்லெஸ் கரகரத்தது.

"எல்லா வண்டிகளுக்கும் ஒரு செய்தி. போன வாரம் நான் போயிட்டு வந்த தேர்வுல, போன தடவை என்னைப் பார்த்துச் சிரிச்ச அதே அம்மா, இந்தத் தடவை என்னைப் பத்தி எழுதியிருக்கற குறிப்புல, இவ்வளவு பொறுமையாக் கேக்கற ஒரு நர்ஸை..."

"அக்கா, பாஸா பெயிலா, அதைச் சொல்லுங்க!" என்று மூன்றாம் வண்டி டிரைவர் பிரேக் குறுக்கே கத்தினான்.

"குறுக்க பேசாதீங்க. இன்னும் வினைச்சொல் வரல."

நான் கதவு கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"...இவ்வளவு பொறுமையாக் கேக்கற ஒரு நர்ஸை எங்க வார்டுக்குக் கொடுத்ததுக்கு நன்றின்னு எழுதி, என்னை முழு மதிப்பெண்ணோட..." ஒரு மூச்சு இழுக்கும் சத்தம். "...தேற வச்சிருக்காங்க. வார்டுக்குப் போறேன்!"

நான் வண்டிக்குள் கையை விட்டு சைரனை அழுத்தினேன். பிரேக் அழுத்தினான். அடுத்தவன், அதற்கடுத்தவன். கொட்டகையே அலறியது. மாடி ஜன்னல் படாரென்று திறந்து சூப்பர்வைசர் தலையை நீட்டினார். "யாருடா சைரன்? யாருக்கு என்ன ஆச்சு?" என்று கத்தினார். அவர் பின்னாலிருந்து யாரோ ஏதோ சொன்னார்கள். அவர் முகம் மாறியது. அவளைப் போகவிடாமல் இவ்வளவு காலம் பிடித்துவைத்திருந்த மனுஷன் ஜன்னல் கதவை இன்னும் அகலமாகத் திறந்தார். பிறகு இரண்டு கையையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் கைதட்டினார்.

நான் அழுதேன். மறைக்கத் தோன்றவில்லை. வாசல்காரர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

சைரன்கள் ஒவ்வொன்றாக அடங்கின. வயர்லெஸ்ஸில் அவள் குரல் வந்தது. சிரிப்பு இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"லைன் வருது. ஆறாம் வண்டி, ரெடி."

முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து என்ஜினைப் போட்டேன்.